அத்தை முடிந்து கொடுத்த விதை

பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவாள் அத்தை. பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் அவள் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும். வந்தவர்களிடம் மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று விசாரித்தபடியே ஒரு துண்டை மடியில் விரிப்பாள். எதையோ அள்ளி வைப்பாள். நான்கு மூலைகளையும் சேர்த்து ஒரு சுற்று, ஒரு இறுக்கு. வந்தவர் எழுந்திருக்கும்போது முடிச்சு அவர் கையில் இருக்கும். கருப்பட்டி, புளி, வறுத்த மொச்சை, ஒன்றும் இல்லாத நாளில் நாலு வற்றல் மிளகாய்.

"வெறுங்கையோட இறங்கப்படாது" என்பாள்.

அவள் கொடுத்ததை அங்கேயே பிரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பிரிக்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது ஒருமுறை நான் அவள் கண்ணெதிரே அவிழ்த்துவிட்டேன். மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டு விழுந்தது.

"குடுத்தவ மொகத்துக்கு முன்னாடி பிரிச்சா, அவள நம்பலன்னு அர்த்தம்டி."

அதற்குப் பிறகு வெகுநாள் வரை நான் அப்படிப் பிரித்ததில்லை.

அத்தை என் அய்யாவுக்கு மூத்தவள். மணமாகி இலங்கைக்குப் போனவள், சில வருடங்களிலேயே கணவனை அங்கே மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கப்பலேறி வந்தாள். நான் பிறந்தபோதே அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அதனால் அவள் திரும்பி வந்தவள் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. அம்மாவைவிட அவளிடம்தான் நான் அதிகம் இருந்தேன். நெல் எவ்வளவு அவிக்க வேண்டும், வேலையாளுக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும், எல்லாம் அவள் கை வழியாகத்தான் நடந்தது. சாவிக்கொத்து மட்டும் அம்மாவின் இடுப்பில் இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் கவனித்ததே இல்லை.

எங்கள் ஊர் ராமநாதபுரம் சீமையில், சிக்கலுக்குப் பக்கம். சுற்றிலும் நெல்லும் மிளகாயும் பனையும்தான். ஆனால் எங்களைக் 'காப்பி வீடு' என்பார்கள். அய்யாவின் பாட்டனார் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். அங்கே இலைநோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தபோது, இடுப்புத் துணியில் ஒரு பிடி விதையோடு ஊர் திரும்பினார். பழனி மலையின் கீழ்ச்சரிவில் காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி, அந்த விதையை அங்கே போட்டார். அவருக்குப் பிறகு அவர் மகன், பிறகு என் அய்யா, இப்போது அண்ணன். தீபாவளி கழிந்ததும் ஆண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். தை பிறக்கும்போது பாதி காய்ந்த பழம் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும். மலையில் மூட்டம் விலகாது. எங்கள் ஊர் வெயிலில்தான் அது முழுக்கக் காய வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை சலங்கை மாதிரி சத்தம் போட வேண்டும்.

பெண்கள் மலைக்குப் போகும் வழக்கம் இல்லை. அட்டை கடிக்கும், குளிர் ஆகாது என்பார்கள். காப்பிச் செடி எப்படி இருக்கும் என்று கேட்டால் அத்தை கையைக் காற்றில் அசைத்து, இலை இப்படி, பூ மல்லிகை மாதிரி, காய் கொத்துக் கொத்தாக என்று வரைந்து காட்டுவாள். அவளும் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

காப்பி காயும் நாட்களில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கும் வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன்காரி கூடையோடு தெருமுனையில் திரும்பும்போதே அத்தை களத்தில் இருந்து கத்துவாள்.

"ஏத்தா, அங்கனயே நில்லு! காப்பி காயுது!"

"காப்பி காஞ்சா நான் காயணுமாக்கும்? காலையில பிடிச்ச வெளமீனு, வாசமே இருக்காது" என்று மீன்காரி பதிலுக்குக் கத்துவாள்.

"ஒனக்கு மூக்கு செத்துப்போச்சு, அதேன் வாசமில்ல. நில்லு, நான் வாரேன்."

ஓடிப்போய் மீன் வாங்காததற்கு ஈடாக அவள் மடியில் ஒரு முடிச்சைத் திணித்துவிட்டு வருவாள்.

அவ்வளவு காவல் காத்தும் ஒரு வருடம் காப்பி கெட்டது. அய்யா செய்த காரியம். மதுரை வியாபாரிக்கு மூட்டைகளை ஏற்றிவிட வண்டி கிடைக்காமல், தேவிபட்டினத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்த வண்டியில் மிச்சமிருந்த இடத்தில் நாலைந்து மூட்டைகளைப் போட்டு அனுப்பிவிட்டார். வியாபாரி அவற்றைத் தொடக்கூட இல்லை. வந்த வழியே திரும்பி வந்தன. வறுத்தாலும் இடித்தாலும் நெத்திலி வாடை போகவில்லை. அய்யா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அத்தைதான் சிரித்தாள். "விக்காட்டி என்ன தம்பி, குடுப்போம்" என்றாள். அந்த வருடம் ஊரில் அவள் முடிச்சு வாங்காத வீடு இல்லை. ஊர்முழுக்க நெத்திலிக் காப்பி குடித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சும்மா வந்ததை எப்படிக் குறை சொல்வது? அத்தையைப் போல் கை தாராளமானவள் உண்டா என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால், விற்க முடியாததைத்தான் அவள் கொடுத்தாள் என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது நியாயமா என்றும் தெரியவில்லை. ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கி நான் பள்ளி இறுதி வகுப்புப் படித்தபோது, பரீட்சைக்குத் தூக்கம் வராமலிருக்க வறுத்த கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்து அனுப்பியவள் அவள். ஒவ்வொரு கொட்டையையும் உடையாததாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். அது விற்க முடியாததல்ல. முதல் தரம்.

எங்கள் குடும்பத்தில் 'மகள் வரிசை' என்று ஒன்று உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்வரிசையோடு ஒரு பிடி காப்பி விதையும் கொடுப்பார்கள். விதைக்கென்று நல்ல பழமாகப் பொறுக்கி, மலையிலேயே பிதுக்கி, சாம்பலில் புரட்டி, ஒரு கூடையில் தனியாகக் கொண்டுவருவார்கள். வெயில் படாமல் மச்சில் இருக்கும். அதிலிருந்து அத்தைதான் அள்ளி முடிந்து தருவாள். மணப்பெண் அதைப் புகுந்த வீட்டில் ஒரு கலயத்தில் ஊன்றித் தண்ணீர் விட வேண்டும். முளைத்தால், ஆனி மாதத்தில் நாற்றைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அய்யா அதை மலைக்குக் கொண்டுபோய் அவள் பெயரில் ஒரு வரிசையாக நடுவார். அந்த வரிசையின் விளைச்சல் அவள் உள்ளவரை அவளுக்கு. பிறகு அவள் மகளுக்கு. முளைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் வழக்கம்.

தேவிபட்டினத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவருக்கு என்னைக் கொடுத்தார்கள். நான் வண்டி ஏறும்போது அத்தை முடிச்சை என் மடியில் கட்டி, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "பத்திரமா ஊனு தாயி. உன் வரிசை மலையில நிக்கணும்" என்றாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அது நிச்சயமாக நினைவிருக்கிறது.

அங்கே எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்க ஊருணியிலிருந்து சுமந்து வர வேண்டும். என் பங்குக்கு வரும் குடிதண்ணீரில் பாதியைக் கலயத்துக்கு விட்டேன். கலயத்தை நிழலில் வைத்தேன். கடல்காற்று படாமல் ஓலைத் தட்டி கட்டினேன். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களுக்குத் தோஷம் கழிக்க வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் கடலுக்குப் போவார்கள். எனக்கு என்ன தோஷம் என்று அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். கலயத்தில் ஒரு புல்கூட முளைக்கவில்லை.

ஆடியில் அம்மாவிடம் அழுதேன். "நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு அது ஓடாதுத்தா. யாருக்கு முளைச்சுது? விடு" என்றாள் அம்மா. உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து போன எந்தப் பெண்ணுக்கும் வரிசை நின்றதாக நான் கேட்டதில்லை.

என் மாமியார் கெட்டவர் அல்ல. ஆனால் எனக்கு முதல் கர்ப்பம் தங்காமல் போனபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்து மூலையில் இருந்த கலயத்தைப் பார்த்தார். "பொறந்த வீட்டு வெதையே எந்திரிக்காத கை" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அன்று என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தையும் அங்கே இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. எழுந்துபோய் அந்தக் கலயத்தைக் கவிழ்த்துவைத்தாள். என் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் பேசாத அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இப்போதும் யோசிக்கிறேன்.

பிறகு மகள் பிறந்தாள். என் கையால் ஊட்டினால் அவளுக்குச் சேராதோ என்று பயந்து, மாமியாரிடம் கிண்ணத்தை நீட்டிய நாட்கள் உண்டு. காய்ச்சல் வந்தால் நான் தொட்டதால்தானோ என்று நினைப்பேன். படித்தவள்தான், இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

மகளுக்குக் காது குத்தப் பிறந்த வீட்டுக்குப் போனோம். தை மாதம். பெரியவர்கள் பந்தியில் இருந்தபோது அவள் மச்சுக்கு ஏறி, விதைக் கூடையில் கையை விட்டு, சட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். திட்டினேன். அவள் அவற்றைக் குளியல் கல்லுக்குப் பக்கத்தில், சோப்பு நுரையும் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் ஓடுகிற சேற்றில் விரலால் குத்திக் குத்தி வைத்து விளையாடினாள். நான் மறந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, "அம்மா, இங்கன வா, சும்மாட்டுக்காரிக!" என்று கூப்பிட்டாள். சேற்றிலிருந்து மெல்லிய தண்டுகள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் அதனதன் கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, சுமைக்காரிகள் வரிசையாகப் போவது மாதிரி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சோப்புத் தண்ணீரில் முளைத்தது, ஊருணித் தண்ணீரில் ஏன் முளைக்கவில்லை? ஒரே கூடை. ஒரே ஊர். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ஆடு வந்து அத்தனையையும் தின்றுவிட்டுப் போனது. ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது, அத்தை அடுப்படியில் ஓட்டில் காப்பிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"அயித்த, என் மக விளையாட்டுக்குக் குத்தி வச்சது முளைச்சுது. நான் ஊனுனது ஏன் முளைக்கல?"

"எல்லாம் கைராசி தாயி. பிள்ளைக்கு நல்ல கை."

"அது எச்சிக் கையோட சேத்துல குத்துச்சு. அதுக்கு இருக்கிற ராசி எனக்கு இல்லையா? சொல்லுங்க."

அவள் அகப்பையால் கிளறிக்கொண்டே இருந்தாள். வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு" என்றாள். "அம்புட்டுத்தேன். பெறகு சாம்பல்ல பெரட்டிக் காய வச்சா வித்தியாசம் தெரியாது."

எனக்குப் புரியச் சற்று நேரமானது.

"யாரு சொல்லி?"

"எங்காத்தா சொல்லி. அவளுக்கு அவ மாமியா சொல்லி. பொம்பளப் பிள்ளைகளுக்கு வரிசை வரிசையா பிச்சுக் குடுத்தா, தோட்டம் தோட்டமா நிக்குமா?"

"உங்களுக்கும் அப்பிடித்தேன் குடுத்தாகளா?"

"எனக்கு மட்டும் பச்சையாவா குடுத்திருப்பா? இலங்கையில கலயத்த வச்சுக்கிட்டு நானும் ஒன்னய மாதிரித்தேன் காத்துக் கெடந்தேன். அவுகளத் தூக்கிக் குடுத்துட்டு இங்கன வந்து நின்னன்னைக்கு, எங்காத்தா அடுப்புல கொதிக்கிற தண்ணியக் காட்டுனா. இனிமே இது ஒன் வேலைன்னா. வேலைன்னு ஒன்னு குடுத்தாளே, இருக்க இடமும் குடுத்தாளேன்னு செஞ்சேன்."

"அய்யாவுக்குத் தெரியுமா?"

"ஆம்பளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

"வரிசை கெடையாதுன்னு நேராச் சொல்லிரலாமே, அயித்த. வெந்த வெதைய எதுக்குக் குடுக்கணும்?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ நடக்கக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல.

"கட்டிக்குடுக்கிற பிள்ளைய வெறுங்கையோட அனுப்ப முடியுமா தாயி?"

ஓட்டில் கொட்டை கருகியது. அத்தை வறுத்துக் கருகி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"எம் முதப் பிள்ள போனப்ப அங்கன இருந்தீங்களே. எம் மாமியா சொன்னதக் கேட்டீங்களே" என்றேன். அவள் எழுந்தாள். மச்சுக்கு ஏறிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் முடிச்சு இருந்தது.

"இது பச்ச. நம்ம சாமி சத்தியமாப் பச்ச. முளைக்கப் போட்டு ஆனியில கொண்டா. நான் குடுத்ததுன்னு எல்லாத்துக்கும் முன்னாடி நானே சொல்றேன். ஒன் வரிசை நிக்கும்."

அவள் முகத்துக்கு நேராகவே நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். ஒரு விதையை எடுத்து, மகள் அள்ளி வந்தது போலத்தான் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தை முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அது முளைத்தது.

ஒவ்வொன்றும் கொட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. பிறகு கொட்டை பிளந்து இரண்டு வட்ட இலைகள் விரிந்தன. ஆடு வராமல் முள் வைத்தேன். என் கணவர், "காப்பித் தோட்டக்காரி இன்னைக்குப் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சோறு போடுவாகளா?" என்று கேலி செய்வார். மாமியார் தினமும் காலையில் வந்து குனிந்து பார்ப்பார். ஒருநாள் அவரே ஊருணித் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றினார். அன்று மத்தியானம் மகளுக்கு நானே ஊட்டினேன். யாரிடமும் கிண்ணத்தை நீட்டவில்லை.

ஆனியில் நாற்றுகளை மண்ணோடு எடுத்துப் பனையோலைக் கொட்டானில் அடுக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னக்கா, கத்திரி நாத்தா?" என்றார் கண்டக்டர்.

"காப்பி" என்றாள் மகள்.

"அட! அப்ப பின்னால ஒரு பால் மாட்டையும் ஏத்திருவமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படி மனம்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது.

அய்யாவும் அண்ணனும் மலைக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்தார்கள். அண்ணனுக்கு அப்போதுதான் மகன் பிறந்திருந்தான். நான் கொட்டானைக் கூடத்தில் இறக்கினேன். அய்யா குந்தி உட்கார்ந்து ஒரு நாற்றின் இலையை விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அது மகளைப் பார்த்து வந்த மலர்ச்சி அல்ல. நல்ல நாற்றைப் பார்த்து வந்தது.

"நல்லா வந்திருக்கே. வெத ஏது?"

"மகள் வரிசைக்கு, அய்யா. அயித்த குடுத்தது."

அய்யா தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்து எதையோ முடிந்துகொண்டிருந்தாள்.

"அப்பிடியாக்கா?"

அவள் கை நின்றது. நான் அவளையே பார்த்தேன். சொல்லிவிடுவாள். இப்போது சொல்லிவிடுவாள்.

"நான் குடுத்தது எப்பிடித் தம்பி முளைக்கும்?" என்றாள் அத்தை.

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அய்யா தலையை ஆட்டினார். அண்ணன் வெளியே கட்டியிருந்த மாட்டைப் பார்த்தான். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கூடத்தில் தெரியாதவளாக இருந்தது நான் ஒருத்திதான்.

"அயித்த, பொங்கலுக்கு நீங்கதேன இந்தக் கையில…"

"பிள்ள கூடையில அள்ளுனதா இருக்கும், தம்பி" என்றாள், என்னைப் பார்க்காமல். "காது குத்துக்கு வந்தப்பவே ஒருக்கா அள்ளிக்கிட்டுப் போச்சாம். இவதேன் எங்கிட்டச் சொன்னா."

என் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இது நான் அள்ளலம்மா" என்றாள் மெதுவாக.

"சரி, சரி. சின்னப் பிள்ளைதானே" என்றார் அய்யா பெருந்தன்மையாக. "வந்தது வந்த, சாப்பிட்டுட்டுப் போ."

நான் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து கத்தியிருக்கலாம். கொட்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அய்யாவின் முன் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அத்தை தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள், அறுபது வயதில் அவள் எங்கே போவாள் என்று அவளுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் குழந்தையைத் திருடி என்று ஆக்காமலும் அவள் தன் இடத்தைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற இடத்துக்கு வரும்போது நின்றுவிடும்.

புறப்படும்போது அத்தை முடிச்சை நீட்டினாள்.

"வெறுங்கையோட போகாத, தாயி."

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ராமநாதபுரம் வரும்போது, "அப்ப நான் திருடுனேனாம்மா?" என்று கேட்டாள்.

நாற்றுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கையில் எடுக்கவே மனம் வரவில்லை. நல்ல நாற்று வீணாக வேண்டாம் என்று அய்யா அவற்றை மலைக்குக் கொண்டுபோய், அண்ணன் மகன் பெயரில் ஒரு வரிசையாக நட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் பிறந்த வீட்டுக்குப் போவது குறைந்தது. ஆனால் வருடா வருடம் யார் மூலமாவது அத்தையின் முடிச்சு வந்துவிடும். காப்பித் தூள். நாங்கள் குடித்தோம். நல்ல தூளை என்ன சொல்லி வேண்டாமென்பது?

இந்த மாசியில் அத்தை போய்விட்டாள். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாததால் என்னால் போக முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்து அம்மா பிள்ளையைப் பார்க்க வந்தாள். வந்ததும் பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தாள். பழைய வேட்டித் துண்டு. அந்த இறுக்கு வேறு யாருக்கும் வராது.

"ஒன் நாத்து இந்த வருசம் காய்ச்சிருச்சு" என்றாள் அம்மா. "மொதக் காய்ப்புன்னு ஒங்கண்ணன் கொண்டாந்தான். அதுல ஒரு படி தனியா வாங்கி, தானே வறுத்து, தானே இடிச்சு, ஒனக்குன்னு முடிஞ்சு வச்சிருந்தா. படுக்கையில கெடந்தும் அதயே சொல்லிக்கிட்டிருந்தா. அவ செடியில எடுத்தது, அவகிட்டக் குடுத்துருங்கன்னு."

அம்மாவின் கண்ணெதிரே அதை அவிழ்த்தேன். மணம் கூடத்தை நிறைத்தது. விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். என் செடியில் எடுத்ததா, எல்லாச் செடியிலும் எடுத்ததா? விதை என்றால் மண்ணில் போட்டுப் பார்த்துவிடலாம். தூளை என்ன செய்ய முடியும்?

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அம்மாவுக்கு ஒரு டம்ளர், மாமியாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மகள் வாசலில் வந்து நின்றாள். வளர்ந்துவிட்டாள், இப்போது யார் வீட்டில் எதைத் தொடுவதாக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள்.

"நம்ம செடியாம்மா?" என்றாள்.

"அயித்த அப்பிடித்தேன் சொல்லியிருக்காக" என்றேன்.

என் டம்ளரில் பாதியை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்குவதற்கு முன் என் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"குடி" என்றேன். "இது நீ எடுத்ததில்ல. அம்மா குடுத்தது."